வெளிநாட்டுப் பாலம்

கல்லோடையில் ஒரு பாலம் உடைந்தால் அது உடைந்த பாலம். அதே பாலம் கடலுக்கு அந்தப் பக்கம் உடைந்தால் அது மனிதகுலத்தின் அவலம். இந்த வித்தியாசம் ஜுலைகாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு அவளை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை.

பெரம்பலூர்–அரியலூர் அகில உலக நண்பர்கள் பேரவை என்பது ஒரு வாட்ஸ்அப் குரூப். அப்படிச் சொன்னால் தலைவர் பாலசுந்தரத்துக்குக் கோபம் வரும். "குரூப்புன்னா ஆடு மேய்க்கிறவன்கூட வச்சிருக்கான். இது அமைப்பு" என்பார்.

அந்த அமைப்பின் ஆதிப்பெயர் 'பஸ் வந்துடுச்சா?' என்பது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் டவுன் பஸ், கல்லோடை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அது பாலத்தைத் தாண்டிவிட்டதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதற்காக ஊர்க்காரர்கள் தொடங்கியது. தாண்டிடுச்சு, தாண்டல, பஞ்சர். இந்த மூன்று செய்திகளோடு குரூப் நிம்மதியாக இருந்தது. சூயஸ் கால்வாயில் ஒரு பெரிய கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டதே, அந்த வாரத்தில்தான் அதன் தலையெழுத்து மாறியது. யாரோ படத்தைப் போட்டார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளின் முதலாளி தமிழழகன், "ரிவர்ஸ் போட்டு லெப்ட்ல ஒடிச்சா வந்துரும்" என்று யோசனை சொன்னார். சில நாளில் கப்பலும் வந்துவிட்டது. தமிழழகன் சொன்னதால்தான் வந்தது என்பதில் குரூப்பில் ஒருவருக்கும் ஐயமில்லை. உலகம் தங்களைக் கவனிக்கிறது என்று தெரிந்த பிறகு பஸ்ஸைப் பற்றி யார் பேசுவார்கள்? பெயர் மாறியது. பஸ் எங்கே என்று கேட்டவர்களிடம், உலகம் எங்கே போகிறது என்று பார்க்கும்படி சொல்லப்பட்டது.

துறைகள் பிறந்தன. கண்டனத் துறை, இரங்கல் துறை, முகப்புப் படம் மாற்றும் துறை. தமிழழகன் உலகப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டார். சரத்குமார் உலகக் கட்டமைப்பு; சம்பளத்துக்கு அவர் இந்த வட்டாரத்து ரோடு, பாலங்களைப் பார்க்கும் இன்ஜினியர், சந்தோஷத்துக்கு உலகத்துப் பாலங்களைப் பார்ப்பவர். பாலசுந்தரமோ அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று அவர் சொன்னதில்லை, அவர் வேலை செய்ததைப் பார்த்தவர்களும் இல்லை. வளைகுடாப் பிராந்தியச் செயலாளர் அன்சார், துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறான். அவன்தான் தன் அக்கா ஜுலைகாவைப் பேரவையில் சேர்த்துவிட்டான்.

ஜுலைகா லெப்பைக்குடிக்காட்டில் யாவாரக் குடும்பத்தில் பிறந்தவள். கணவன் அப்துல் லத்தீப் குவைத்தில். கல்லோடையில் பாரின் சாமான் கடை வைத்திருக்கிறாள்: தைலம், அத்தர், பேரீச்சம்பழம், கம்பளி, டார்ச் லைட்டு. பேரவைக்குள் வந்த புதிதில் அவளுக்கு எல்லாம் மிரட்சியாகத்தான் இருந்தது. ஒரு கண்டனத்துக்கு அடியில் சிவப்பு இதயத்தைப் போட்டதற்கு அவளிடம் விளக்கம் கேட்டார்கள். "நல்லா எழுதியிருக்கீங்கன்னு போட்டேங்க" என்றாள். கண்டனத்துக்குக் கோப முகம், இரங்கலுக்குக் கூப்பிய கை, சமாதான ஒப்பந்தத்துக்குப் புறா, ஒப்பந்தம் முறிந்தால் அதே புறா ஆனால் கண்ணீரோடு என்று அட்டவணை அனுப்பினார்கள்.

ஒன்று மட்டும் அவளுக்கு உடனே விளங்கியது. பேரவையில் கண்டனம் பேரம் பேசித்தான் படியும். எங்கோ ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் குண்டு போட்ட அன்று தமிழழகன் 'மிக மிக வன்மையாக'வில் ஆரம்பித்தார்.

"அவ்வளவையும் இன்னைக்கே எறக்க முடியாதுங்க. நாளைக்கு அதவிடப் பெருசா போட்டான்னா கையில சரக்கு வேணும்ல" என்றார் சரத்குமார்.

"சரி, ஒரு 'மிக'வ எடுத்துக்குங்க."

"வெறும் 'வருத்தம்'னா முடிச்சுக்கலாம்."

"அடப் போங்க சார். வருத்தம்னு போட்டா அவன் பயப்படுவானா?"

கடைசியில், 'ஆழ்ந்த கவலை கலந்த நடுத்தரமான கண்டனம்' என்று கை குலுக்கினார்கள். கடையில் உட்கார்ந்து வாசித்த ஜுலைகா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டாள். ஜவுளிக்கடைப் பேரம்தான். ஒரே குறை, இதில் கடைசிவரை யாரும் துணியைக் கிழிக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறினால் பிளக்ஸ் அடிப்பது வழக்கம். பொறுப்பாளர்கள் முகம், அவரவர் முழக்கம், நடுவில் உலகப் படம். அடித்துக் கட்டுபவர் பூமாலை. கட்டும் இடம் எப்போதும் கல்லோடைப் பாலத்து முக்கு. சுண்ணாம்புக்கல் லாரி ஓடி ஓடிப் பாலத்தில் ஒரு பாதி உள்ளே போய்விட்டதால் எல்லா வண்டியும் அங்கே ஊர்ந்துதான் போகும். நின்று நிதானமாகப் பிளக்ஸ் படிக்க அதைவிட வசதியான இடம் இரண்டு மாவட்டத்திலும் கிடையாது.

அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம். மிச்சப் பாதியில் வண்டி வரும்போது நடக்கிற பிள்ளைகள் ஓட்டைப் பக்கம் ஒதுங்க வேண்டும். ஓட்டையில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. இப்போதாவது ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது. ஐப்பசி மழையில் ஓடை மேலேறினால் ஓட்டை எது, ரோடு எது என்று யார் காட்டுவார்கள்? ஜுலைகாவின் மகள் இனாயா மூன்றாம் வகுப்பு. பக்கத்து வீட்டு அம்பிகாவின் பிள்ளைகளும் அதே வழிதான்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமையும் கொடுத்தாள். பிறகுதான் உறைத்தது: இன்ஜினியர் பேரவையில் இருக்கிறார், லாரிக்காரர் பேரவையில் இருக்கிறார், நாலு இடத்தில் பேசத் தெரிந்த தலைவரும் அங்கேதான். ஒரு படம் பிடித்து, "நம்ம கல்லோடை பாலம், புள்ளைங்க போற வழி, பாத்து செய்யுங்க" என்று போட்டாள்.

படம் அழிக்கப்பட்டது. பாலசுந்தரத்தின் குரல் வந்து சேர்ந்தது. மேடையேறினாலும் போனைப் பிடித்தாலும் அவருக்கு ஒரே குரல்தான்.

"அன்பார்ந்த உலக உறுப்பினர்களே! சகோதரி ஒருவர் உள்ளூர் ஓடையைப் போட்டுவிட்டார். அறியாமல் செய்த பிழை, மன்னித்தோம். ஆனால் சிந்தியுங்கள். கல்லோடைப் பாலத்தைப் பற்றி நாம் பேசினால் என்ன ஆகும்? சரி, நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு எவனாவது கேட்பான். உலகத்தைப் பற்றி இத்தனை காலம் பேசியிருக்கிறோம், ஒருத்தன் கேட்டதுண்டா? அதுதான் பேரவையின் பலம். நன்றி, வணக்கம்."

கைதட்டல்கள் வரிசையாக விழுந்தன. பழக்கதோஷத்தில் ஜுலைகாவும் ஒன்று தட்டிவிட்டாள்.

அடுத்த வாரம், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய இனாயாவின் கால் ஓட்டைக்குள் இறங்கியது. அம்பிகாதான் தூக்கினாள். கெண்டைக்காலைக் கம்பி கிழித்திருந்தது, தையல் போட்டார்கள். "இன்னும் கொஞ்சம் சறுக்கியிருந்தா புள்ள முழுசா உள்ள போயிருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு அம்பிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஜுலைகா போனைத் திறந்தாள். பேரவை முழுக்கக் கறுப்பாக இருந்தது. எங்கோ ஒரு நாட்டில் வெள்ளத்தில் பாலம் இடிந்திருக்கிறது. எல்லோரும் முகப்புப் படத்தைக் கறுப்பாக்கியிருந்தார்கள். 'அந்த ஊர்த் தாய்மார்களின் கண்ணீரை நினைத்துச் சோறு இறங்கவில்லை' என்று சரத்குமார் எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் நேராகப் பாலசுந்தரம் வீட்டுக்குப் போனாள். சரத்குமாரும் அங்கே இருந்தார். இருவரும் இரங்கல் தீர்மானத்துக்கு எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, எம்புள்ள கால் ஒடயாம தப்பிச்சது அல்லா புண்ணியம். மழைக்கு முன்னாடி அந்தப் பாலத்த சரி பண்ணிக் குடுங்க."

"வருத்தமா இருக்கு தங்கச்சி" என்றார் பாலசுந்தரம். "ஆனா உலகமே பத்தி எரியுது. இப்ப போயி ஓடை, சாக்கடைன்னா எப்புடி?"

அவள் சரத்குமார் பக்கம் திரும்பினாள். "சார், நீங்கதானே நம்ம ஏரியா பாலத்துக்கு இன்ஜினியரு?"

"ஆமாங்க. ஆனா அதுக்கு ஆபீஸ்ல மனு குடுக்கணும்."

"ரெண்டு வாட்டி குடுத்தேங்களே."

"ஆபீஸ்ல எனக்கு ஏதுங்க நேரம்? போனப் பாக்கவே நேரம் சரியாப் போயிடுது. எங்க எது ஒடைஞ்சாலும் ரெண்டு நிமிசத்துல நான் ரியாக்ட் பண்ணியாகணும்ல?"

காபி கொண்டுவந்த பாலசுந்தரத்தின் மனைவி சிந்தாமணி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். "நீ வேறம்மா. நம்ம வூட்டு மோட்டாரு ஓடலன்னு அந்தக் குரூப்புல நானே போட்டேன். உள்ளூர் விவகாரம்னு என்னையே தூக்கிட்டாரு இந்த மனுசன்."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் பாலசுந்தரம், பெருமையாக.

தையல் பிரித்து இனாயா மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய அன்று காலையில் கடையில் ஒரு சின்னச் சம்பவம். கும்பகோணத்திலிருந்து வரும் அத்தர் பாட்டில் ஒன்று கீழ்த்தட்டில் கிடந்தது. போன மாதம் அதை மோந்து பார்த்து, "தலவலிக்குது" என்று வைத்துவிட்டுப் போன அதே ஆள் வந்தார். இடமில்லாமல் ஜுலைகா அதை மேல்தட்டில், துபாய்ப் பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்தில் மாற்றியிருந்தாள். அவர் எம்பி எடுத்து மோந்தார். கண்ணை மூடினார். "அடடா! அவன் அவன்தாங்க. நம்மாளுக்கு இந்தப் பக்குவம் வருமா?" என்று இரண்டு பாட்டிலாக வாங்கிப் போனார். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தட்டைத்தான் மாற்றியிருந்தாள்.

அவர் படியிறங்கியதும் ஜுலைகா கடையை அம்பிகாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பாலத்துக்கு நடந்தாள். ஊர்ப் பலகை விழாமல், கருவேலமரம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கோணம். ஓட்டை, கம்பி, அதைத் தாண்டுகிற பிள்ளைகளின் முதுகு, ஓரத்தில் ஒரு லாரியின் பின்பக்கம். படத்தோடு நாலு வரியும் எழுதித் தம்பிக்கு அனுப்பினாள். 'அதிக பாரம் ஏற்றிய லாரிகளால் உடைந்த பாலம். பள்ளிக்குழந்தைகள் தினமும் இதன் மேல்தான் போகிறார்கள். ஒரு குழந்தைக்குக் காயம். அதிகாரிகள் வந்து பார்க்கவில்லை.'

அன்சார் உடனே கூப்பிட்டான். "லாத்தா, என்னது இது? நான் பிராந்தியச் செயலாளரு. பொய்ச் செய்தி போட்டா எனக்கு என்ன மரியாத?"

"எந்த வரிடா பொய்யி?"

அவன் ஒருமுறை படித்துப் பார்த்தான். "ஒண்ணும் இல்லதான். ஆனா எந்த நாடுன்னு கேப்பாங்களே?"

"கேட்டா நம்ம கல்லோடைன்னு உண்மையச் சொல்லிடு. கேக்காம நீயா சொல்லாத."

"கேக்காம இருப்பாங்களா?"

"ஒங்க ஆளுங்கள ஒனக்குத் தெரியல, எனக்குத் தெரியுது. அனுப்புடா."

துபாயிலிருந்து படம் வந்து இறங்கியது. யாரும் எந்த நாடு என்று கேட்கவில்லை. எந்த நாடு என்று சொன்னார்கள்.

"ஆப்பிரிக்கா. மண்ண பாத்தாலே தெரியுது" என்றார் பாலசுந்தரம்.

"மத்திய ஆசியாங்க. கம்பி கட்டியிருக்குற லட்சணம் அப்படி. நம்ம ஊர்ல இப்புடிக் கட்டினா வுடுவோமா?" என்றார் சரத்குமார்.

"நாடு எதுவா இருந்தா என்னங்க, புள்ளைங்க புள்ளைங்கதானே!" என்று எழுதினார் தமிழழகன். அதற்கு அறுபது இதயங்கள் விழுந்தன. விளக்கம் ஒருவரிடமும் கேட்கப்படவில்லை.

பேரவை வரலாற்றில் முதல்முறையாகப் பேரமே நடக்கவில்லை. 'மிக மிக மிக வன்மையாக' என்று எடுத்த எடுப்பில் படிந்தது. பாலசுந்தரம் குரல் தழுதழுக்கப் பேசினார்: "அந்த ஊரில் பெரிய மனிதர் என்று ஒருவர்கூட இல்லையா? இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவர் வீட்டில் சோறு தின்பதற்கு வெட்கப்பட வேண்டும்!" வீட்டுக்குள்ளிருந்து சிந்தாமணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், அவள் குரலும் பதிவில் லேசாக விழுந்திருந்தது, என்ன சொன்னாள் என்பது மட்டும் தெளிவாக இல்லை.

பிறகு நிவாரணம். வாங்கவே போவதில்லை என்று தெரிந்த ஆளிடம் கடைக்காரன் எவ்வளவு தாராளமாக விலையைக் குறைப்பான்! அதே தாராளம் இங்கேயும் பொங்கியது. "அந்தப் பாலத்துக்கு ஜல்லி ரெண்டு லோடு என் பொறுப்பு" என்றார் தமிழழகன். சிமெண்ட் ஏஜென்சிக்காரர் ஒருவர் வேண்டிய மூட்டையை அறிவித்தார். சரத்குமார், "வரைபடம், மேற்பார்வை இலவசம். விமான டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்தால் நானே நின்று கட்டுவேன்" என்றார். கம்பி, மணல், கொத்தனார் என்று மத்தியானத்துக்குள் ஒரு முழுப் பாலமே வாயால் எழும்பி நின்றது.

ஜுலைகா கூப்பிய கை ஒன்றைப் போட்டாள். அட்டவணைப்படி அது தவறு. யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் பூமாலை வழக்கமான இடத்தில் பிளக்ஸைக் கட்டினார். பத்தடி அகலம். உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் உடைந்த பாலத்தின் படம். கருவேலமரத்தில் கட்டிய பிளக்ஸுக்குள் அதே கருவேலமரம். கீழே முகங்களும் முழக்கங்களும்:

'பார்த்தும் பாராமல் போன பொறியாளரே, தலைகுனி! – பொறியாளர் சரத்குமார்.'

'பிஞ்சுகளின் பாதையில் பாரம் ஏற்றியவன் மனிதனா? – தமிழழகன், ஜல்லி இரண்டு லோடு.'

முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் பார்த்தார்கள். "ஏ இனாயா, இது ஒம் பையிடி!" என்று ஒருத்தி படத்தில் இருந்த முதுகைத் தொட்டுக் காட்டினாள். பிறகு டவுன் பஸ் வந்து நின்றது. பாலத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கப் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். பெரிதாக்கிய படத்தின் ஓரத்தில் லாரியின் பின்பலகையில் பச்சைக்கிளி ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பின்னால் கிளி வரைந்த லாரி இந்த இரண்டு மாவட்டத்திலும் ஒரே முதலாளிக்குத்தான் உண்டு. சொல்லிவைத்ததுபோல் அந்த நேரம் பார்த்து அதே கிளி, லோடோடு வந்து, கூட்டத்தைப் பார்த்து ஆரன் அடித்தது.

"கட்டும்போது ஒனக்குத் தெரியலயாய்யா?" என்று பாலசுந்தரம் போனில் கத்தினார்.

"தெரிஞ்சுதுங்க" என்றார் பூமாலை. "நாட்ட நீங்க பாப்பீங்கன்னு இருந்துட்டேன். நான் அளவு மட்டும்தாங்க பாப்பேன்."

"கழட்டு!"

"நூறு பேரு நின்னு செல்பி எடுக்குறாங்க. இப்ப ஏணி வச்சா என்னைக் கழட்டிடுவாங்க."

பேரவையின் அவசரக் கூட்டம் கூடியது. அன்சாரிடம் விளக்கம் கேட்டார்கள். "யாராச்சும் எந்த நாடுன்னு கேட்டா சொல்லலாம்னு நேத்துலேர்ந்து போனைக் கையிலயே வச்சிருந்தேங்க" என்றான். பழி ஜுலைகா மேல் திரும்பியது.

"பேரவையை ஏமாத்திட்டீங்க" என்று பாலசுந்தரம் அவளுக்கே குரல் அனுப்பினார்.

அவளும் குரலிலேயே பதில் போட்டாள். "பாலம் ஒடஞ்சது நெசம். புள்ளைக்கு அடிபட்டது நெசம். நீங்க யாரும் வந்து பாக்காதது நெசம். இதுல பொய்யின்னு ஒண்ணு இருந்தா அது ஆப்பிரிக்காதான். அத நான் சொல்லலிங்கண்ணே. மன்னிப்புக் கேக்கச் சொல்றீங்களா? அந்த ஓட்டையில ஒங்க கால வுட்டுப் பாத்துட்டு வந்து கேளுங்க."

அடுத்த நொடி அவள் நீக்கப்பட்டாள். தண்டனையை அவள் அம்பிகாவிடம் காட்டினாள். "அப்ப இனிமே எந்த நாட்டுல எவன் செத்தான்னு ஒனக்கு எப்புடித் தெரியும்க்கா?" என்று அம்பிகா கவலைப்பட, இருவரும் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆனால் பிளக்ஸ் நின்றது. தீர்மானத்தை வாபஸ் வாங்கலாம் என்றால் பேரவையின் கண்டனம் எந்த வல்லரசுக்காகவும் வாபஸ் ஆகாது என்று பாலசுந்தரமே விதி எழுதியிருந்தார். ஜல்லி தரமாட்டேன் என்றால் முகத்தோடு பெயர் தொங்குகிறது. டீக்கடையில் தமிழழகனைக் கண்டவர்கள் எல்லாம், "அண்ணே, கப்பல்ல ஏத்தியாச்சா?" என்று விசாரித்தார்கள். சரத்குமாருக்கு யாரோ அரியலூர்–கல்லோடை பஸ் டிக்கெட் ஒன்றை ஆபீசுக்கே அனுப்பியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் பேரவையின் அறிக்கை வந்தது. 'பாதிக்கப்பட்ட அந்நாட்டுக்கு அனுப்பவேண்டிய நிவாரணப் பொருட்கள், சர்வதேசப் போக்குவரத்து நெருக்கடி காரணமாகத் தற்காலிகமாகக் கல்லோடையில் இறக்கி வைக்கப்படுகின்றன. கெட்டுப்போகாமல் இருக்க அவற்றைப் பாலமாகக் கட்டி வைக்கவும் முடிவு செய்யப்பட்டுள்ளது.'

கட்டி வைத்தார்கள். சரத்குமார் வெயிலில் நின்று மேற்பார்வை பார்த்தார். போனை எடுக்கும்போதெல்லாம் கொத்தனார், "சார், தலைகுனியாம நேரா பாருங்க" என்றார். ஐப்பசியின் முதல் மழையில் ஓடை நிறைந்து ஓடியது. இனாயா காலில் தழும்போடு, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து போனாள். திறப்பு விழாவில் பாலசுந்தரம் பேசினார். "வெளிநாட்டுப் பாலத்தை உள்ளூரில் கட்டிய முதல் அமைப்பு உலகிலேயே நம் பேரவைதான்" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

விழா முடிந்து, மாலையோடு அவர் வீட்டுக்குத் திரும்பினார். ஜுலைகா அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தெருவிளக்குக் கம்பம் ஒன்று, அடியில் துருப்பிடித்து, சிந்தாமணி துணி காயப்போடும் கொடியின் தயவில் நின்றுகொண்டிருந்தது. ஜுலைகா வீட்டுக் கதவெண் விழாமல், வேப்பமரம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கோணம் பிடித்துக்கொண்டிருந்தாள். சிந்தாமணி இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நிற்கும்படி அவளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தாள்.

பாலசுந்தரத்துக்கு மாலை கனத்தது. "தங்கச்சி, இது... இது எந்த நாடு?"

ஜுலைகா படத்தை எடுத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"அத நீங்கதாங்கண்ணே சொல்லணும். மண்ணப் பாத்தாலே தெரியும்னீங்களே."